எறும்பு வராத ரயில்

அன்பு ராசாவுக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று உன் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். நானும் முழங்கால் வலி நீங்கலாகச் சுகம்தான். விசாரிப்புகளை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். வழக்கமாக இன்லேண்ட் லெட்டரில் இடம் போதாமல் ஓரத்திலும் மடிப்பிலும் நுணுக்கி நுணுக்கி எழுதுவேன், உன் வீட்டுக்காரி எஸ்தர் அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி கேட்கிறாள் என்று நீ கிண்டல் செய்வாய். இந்த முறை அதெல்லாம் பற்றாது. கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது, அதில் நீ கேட்டுச் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.

உன் ஃபாக்டரிக்குப் புது மெஷின்கள் வந்து இறங்கிய பலகைத் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய், பேரன் டேவியின் மூன்றாவது பிறந்தநாளுக்குள் அதைக்கொண்டு அவன் ஏறி உட்காருகிற அளவுக்கு ஒரு ரயில் செய்யப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். "நீ பள்ளிக்கூடத்தில் செய்தாயே அம்மா, அதே மாதிரி. அளவெல்லாம் எழுதி அனுப்பு, போட்டோ இருந்தால் அதையும் அனுப்பு" என்று கேட்டிருந்தாய். போட்டோ இல்லை. பெட்டியில் இருந்ததைப் பதினோரு வருஷத்துக்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டேன். நீ அப்போது பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய், கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது ஒரே ஒரு தடவை அந்த ரயிலைப் பார்த்தாய். அடுத்த லீவில் வந்து "ரயில் எங்கேம்மா?" என்று கேட்டாய். கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். நான் உன்னிடம் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். நீ ஆணி அடிக்க ஆரம்பிப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் "ரயில் வேலையைத் தொடாதே, கடிதம் வருகிறது" என்று முந்தாநாளே தந்தி கொடுத்தேன். தந்தி என்றதும் நான் போய்ச் சேர்ந்துவிட்டேனோ என்று பதறியிருப்பாய், மன்னித்துக்கொள்.

பழங்காநத்தத்தில் நம் சபைப் பள்ளிக்கூடத்தில் நான் சின்னப்பிள்ளைகள் வகுப்பு எடுத்தபோது, அவர்கள் விளையாட ஒரு மணல்குவியலைத் தவிர எதுவும் கிடையாது. அந்த மணலும் எப்போதோ சுவர் கட்ட வந்து மிஞ்சியது. உன் அப்பா அந்த நாளில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற ஒரு ஏஜென்சியின் கிட்டங்கியில் ஸ்டோர் கிளார்க். மூட்டையிலும் டின்னிலும் தரை ஈரம் ஏறாமல் இருக்க அடியில் போடுகிற பலகைத் தட்டுகள் கிட்டங்கிப் பின்புறத்தில் மலையாகக் கிடந்தன. உடைந்ததை எடுத்துப்போகச் சொன்னார்கள். "பிள்ளைகளுக்கு என்னமாவது பண்ணணும் பண்ணணும்னு அரிச்சுக்கிட்டே இருப்பியே, இந்தா" என்று ஒரு கட்டை வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். நான் பூச்சிமருந்து நெடி அடிக்கிறதே என்று முகத்தைச் சுளித்தேன். "மூட்டை வச்ச பலகதான, ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவுனாப் போச்சு" என்றார். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் நம் வீட்டிலேயே அரிசி மூட்டைக்கு அடியில் பூச்சிப் பவுடர் தூவி வைத்திருந்தோம். விஷம் என்றால் குடித்துச் சாகிறவர்களுக்குத்தான், நமக்கில்லை என்பது போல எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

கழுவினேன். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், பினாயில் ஊற்றினேன், ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். வெயிலுக்கு மதுரையில் பஞ்சமா? நெடி போய்விட்டது, நெடி போனால் மருந்தும் போய்விட்டது என்று நம்பினேன். தட்டுகளில் அடித்திருந்தது முறுக்கு ஆணி. லேசில் வராது. பாதி ஆணியைப் பிடுங்கினேன், வராததைச் சுத்தியலால் மடக்கி அடித்து உள்ளே தள்ளினேன். ஓர் ஆசாரி இரண்டு நாள் வந்து சட்டம் மட்டும் அடித்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் நானே. ஒரு இன்ஜின், மூன்று பெட்டி, பெட்டிக்கு நாலு ஜன்னல். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுத்தியலும் கையுமாக டீச்சர் நிற்கிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

எனக்கு இருந்த ஒரே பயம் சிலாம்பு. நீ இரண்டு வயதில் நம் மரக்கட்டிலில் கையைத் தேய்த்து, உள்ளங்கையில் சிலாம்பு ஏறி, சீழ் பிடித்து, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாய். அந்த அழுகை என் காதை விட்டுப் போகவே இல்லை. அதனால் ஒவ்வொரு பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, என் முந்தானையை அதன்மேல் போட்டு இழுத்துப் பார்ப்பேன். ஒரு நூல் மாட்டினாலும் திரும்பத் தேய்ப்பேன். அத்தனை பலகையில் ஒரே ஒன்றுதான் தேய்க்காமலேயே வழுவழு என்று இருந்தது. கொஞ்சம் கறுத்த நிறம், எண்ணெய் ஊறின மாதிரி. முந்தானை அதன்மேல் தண்ணீராக ஓடியது. பிள்ளைகள் கை வைக்கிற இடத்துக்கு இதைவிட நல்ல பலகை கிடைக்குமா என்று அதையே அறுத்து முதல் பெட்டியின் ஜன்னல்களுக்கு அடிச்சட்டமாக வைத்தேன். அது ஏன் அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது என்று என் மூளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏதோ ஒரு டின் ஒழுகி, மாதக்கணக்கில் மருந்தைக் குடித்துக் குடித்து அந்த மரம் அப்படி ஆகியிருந்தது, ராசா. பிள்ளைகள் கையில் சிலாம்பு ஏறக்கூடாது என்று தேடித் தேடி, அவர்கள் வாய்க்கு நேராக அந்தப் பலகையைக் கொண்டுபோய் வைத்தது நான்.

மரமும் தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தது. சிவப்பு எனாமல் பூசினேன், மற்றப் பலகையெல்லாம் மறுநாள் காய்ந்தது, அந்த ஜன்னல் சட்டம் மட்டும் மூன்று நாளாகியும் கையில் ஒட்டியது. அறுப்பின் பண்டிகையன்று போதகர் வந்து ஜெபம் பண்ணித் திறந்து வைப்பதாக நாள் குறித்தாகிவிட்டது. இன்னொரு பூச்சுப் பூசி வெயிலில் நிறுத்தினேன். மேலே காய்ந்தது. அதற்குப் பிறகு இன்னொரு அதிசயம். நம் பள்ளிக்கூடத்தில் ஒரு சோற்றுப்பருக்கை கீழே விழுந்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, வரிசை கட்டி எறும்பு வந்துவிடும். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகள்கூட ரயிலில் உட்காரவைத்தால் டப்பாவைக் காலி செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மத்தியானச் சாப்பாட்டையே ரயிலுக்கு மாற்றினேன். சிந்தாத சோறா, சிந்தாத சீனியா? ஆனால் முதல் பெட்டிப் பக்கம் ஓர் எறும்பு எட்டிப் பார்க்காது. "எங்க ரயிலுக்கு எறும்புகூட டிக்கெட் இல்லாம ஏறாது" என்று பெரிய டீச்சரிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செல்வி என்று ஒரு பிள்ளை. நாலு வயது. அப்பளம் தேய்க்கிற பாண்டியம்மாளின் மகள். பாண்டியம்மாள் அப்பளக்காரர் கொடுக்கிற மாவை வாங்கிவந்து வீட்டிலேயே உருட்டித் தேய்த்துக் காயவைத்துக் கொடுப்பாள், கை எந்நேரமும் மாவாகத்தான் இருக்கும். செல்விக்கு எதையும் கடிக்கிற பழக்கம். சிலேட்டுச் சட்டம், குச்சி, பாவாடை நாடா, எது கிடைத்தாலும் வாயில். முதல் பெட்டியின் ஜன்னலோர இடம் அவளுக்கு. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடிந்தது. பிறகு வாந்தி. உடம்பெல்லாம் வேர்த்துக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர என் வாயில் வேறு ஜெபம் வரவில்லை.

டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்குள் கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே ஊசி போடச் சொன்னார். அதற்குள் பள்ளிக்கூடத்து ஆள் போய்ச் சொல்ல, பாண்டியம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்துவிட்டாள். "என்னம்மா குடுத்தனுப்புன?" என்று டாக்டர் கேட்டார். "நேத்து வச்ச கொழம்பும் சோறுந்தேன் சார்." "வீட்டுல பூச்சி மருந்து ஏதாச்சும் இருக்கா?" "மூட்டப்பூச்சிக்கு வாங்குனது இருக்கு சார்." "எங்க வச்சிருக்க?" அவள் யோசித்து, "அடுப்படி மாடத்துல" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் வெளுத்துப் போனது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் தன் கையையே பார்த்தாள். டாக்டர் பூச்சி மருந்து என்று சொன்னபோதே எனக்கு அந்தப் பலகைகள் வந்த கிட்டங்கி ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் திரும்பி, முதல் பெட்டியில் செல்வியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் சட்டத்தில் நாலணா அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. அந்த இடத்தில் சின்னச் சின்னப் பல் தடம். மூக்கை வைத்தேன். பூண்டு மாதிரி ஒரு நெடி. தினமும் உன் அப்பாவின் சட்டையில் வருகிற அதே நெடி.

மூன்று நாளில் செல்வி பிழைத்தாள். அதற்காக இன்றுவரை ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அவள் பிழைத்ததே நான் பேசாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "யாருகிட்டயும் வாயத் தெறந்துறாத. என் வேல போகும், ஒன் வேல போகும், பள்ளிக்கொடத்துக்கும் பேரு போகும். பிள்ளதான் பொழச்சுக்கிருச்சே" என்றார். நீ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். மகன் படிப்பு கெட்டுவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சமாதானத்துக்குச் சொன்னது, அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. உண்மையில் எனக்குப் பயம். நல்ல டீச்சர் என்று ஊர் சொன்ன பெயர் போய்விடுமே என்ற பயம். உன் அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னதால்தான் சும்மா இருந்தேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தவள் நான்தான்.

பள்ளிக்கூடத்திலும் கரையான் என்றே சொல்லி ரயிலைப் பிரித்தோம். முன்பு மடக்கி அடித்த ஆணியெல்லாம் அப்போது என் கையைக் கிழித்தது. பள்ளிக்கூடத்து அடுப்புக்கு விறகாகிவிடக் கூடாது என்ற அளவுக்காவது புத்தி இருந்தது. வண்டியில் ஏற்றி வாய்க்கால் கரையில் கொண்டுபோய்த் தள்ளினார் அப்பா. மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு துண்டுகூட இல்லை. யார் எடுத்துப்போய் எந்த அடுப்பில் வைத்தார்களோ, எந்தக் குழந்தை அந்தப் புகையை மூச்சில் இழுத்ததோ, தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் பெரிய டீச்சர் தாய்மார்களைக் கூட்டி, வீட்டில் மருந்தையும் சாப்பாட்டையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ராசா, நன்றாகவே பேசினேன். பாண்டியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது அடுத்தவள் வீட்டுச் சோற்றில். அதற்குப் பிறகு அப்பளக்காரர் அவளுக்கு மாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். விஷம் புழங்கிய கையால் தேய்த்த அப்பளத்தை யார் வாங்குவார்கள் என்றாராம். பெற்ற பிள்ளைக்கே விஷம் வைத்தவள் என்று புகுந்த வீட்டிலும் பேச்சு. செல்வியை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பாண்டியம்மாள் சித்தாள் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை, தலையில் செங்கலோடு போனவளை எதிரில் பார்த்தேன். "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினேன்.

இப்போது உன் தட்டுகளுக்கு வருகிறேன். மெஷின் வந்த தட்டு என்று எழுதியிருக்கிறாய். வரும்போது அதில் மெஷின் இருந்தது, சரி. மெஷினை இறக்கிய பிறகு உன் கைக்கு வருவதற்குள் அதன்மேல் என்னென்ன ஏறியது? எண்ணெய் டிரம்மா, ஆசிட் கேனா? ஸ்டோரில் போய் ஆளைப் பிடித்துக் கேள். "தெரியலண்ணே" என்று சொன்னால் அந்தத் தட்டு வேண்டாம். கப்பலில் வருகிற மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் மருந்து அடிப்பதுண்டு என்று அப்பா சொல்வார், அதையும் விசாரி. கறை இருக்கிற பலகை, மற்றதைவிடக் கறுத்தோ பச்சை பாய்ந்தோ இருக்கிற பலகை, காரணமில்லாமல் வழுவழுக்கிற பலகை, பெயிண்ட் காயாத பலகை, எதுவும் வேண்டாம். நெடி இல்லை என்று நம்பாதே. கழுவினால் போகும், உப்புத்தாள் போட்டால் போகும், பெயிண்ட் அடித்தால் மூடிவிடும் என்று நினைக்காதே. தேய்த்தால் அந்தத் தூள் முதலில் உன் மூச்சுக்குள்தான் போகும். வேண்டாத பலகையை எரிக்காதே, தூக்கி வீசாதே, விறகுக்கு என்று யாருக்கும் கொடுக்காதே, வந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு வை.

எல்லாம் விசாரித்துச் சுத்தமான மரம் என்று உறுதியானால் மட்டும் ஆணியில் கை வை. வராத ஆணியை மடக்கி அடிக்காதே, அந்தத் துண்டையே அறுத்து எறி. மூலைகளை இழைத்து உருட்டு. ஜன்னலில் டேவியின் உடம்பு நுழைந்து தலை நுழையாத சந்து எதுவும் இருக்கக் கூடாது, பிள்ளை காலை விட்டு இறங்கினால் தலை மாட்டிக்கொள்ளும். செய்து முடித்ததும் நீயே மேலே ஏறிக் குதித்துப் பார், உன் கனத்தைத் தாங்கினால் அவனையும் தாங்கும். பிறகு அவன் உயரத்துக்கு மண்டியிட்டு, அவன் வாய் எட்டுகிற இடமெல்லாம் பார். பிள்ளைகள் கையால் மட்டுமா விளையாடுகிறார்கள்? பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதே. நான் பண்டிகைக்கு நாள் குறித்துவிட்டுப் பட்ட பாடு போதும். எதிலாவது ஒரு சந்தேகம் இருந்தால் விட்டுவிடு. அட்டைப்பெட்டியில் ரயில் செய்து கொடு, இரண்டு நாளில் கிழிந்தாலும் சிரித்துக்கொண்டே கிழிப்பான். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. எஸ்தரிடம் கொடு, அந்தத் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகிற உன் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு. உன் அம்மாவைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசாதே. நான் கூசியதில்தான் இவ்வளவும் நடந்தது.

உன் கடிதம் வந்த பிறகு நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் பேரன் என்றதும் துடிக்கிற வயிறு, பாண்டியம்மாள் மகளுக்காக ஏன் இத்தனை வருஷம் துடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் ஒரு பித்தலாட்டம் என்று தோன்றியது. விசாரித்ததில் இப்போது ஆனையூரில் இருக்கிறாள் என்றார்கள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். புதிதாக வீடுகள் எழும்புகிற தெரு. ஓர் அரைகுறைக் கட்டடத்துக்குப் பின்னால் அவர்களுடைய ஓட்டு வீடு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். "அடடே, டீச்சரா! வாங்க வாங்க, எம்புட்டு நாளாச்சு" என்று பாயை உதறிப் போட்டாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. செல்வி வளர்ந்து நிற்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. கண் அதே கண்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பாண்டியம்மாள் தன் தட்டில் மட்டும் கொஞ்சம் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். செல்வி காலித் தட்டோடு எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கவில்லை. "பிள்ளைக்குப் போடலையா? ஏதும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன். செல்விதான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். "அதெல்லாம் இல்ல டீச்சர். அம்மா தின்னு அர மணி நேரம் ஆகணும். அவுகளுக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தேன் எங்களுக்குப் போடுவாக. சின்னப் பிள்ளையிலருந்தே அப்பிடித்தேன்."

என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. நேராகச் சொல்லிவிட்டேன். ரயில், பலகை, பல் தடம், நெடி, எல்லாம். "ஒன் சோத்துல ஒண்ணுமில்ல பாண்டியம்மா. ஒன் கையில ஒண்ணுமில்ல" என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துவிட்டது.

"அன்னைக்கே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அந்தக் கூட்டத்துல பேசுனப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன், அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "வாயால சொன்னா யாரு நம்புவா? எங்க மாமியா நம்புமா, எங்க அண்ணந்தம்பி நம்புவாகளா? எழுதிக் குடுங்க டீச்சர்" என்றாள். செல்வி தன் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை, ராசா, நாலு வரிக்கு ஒரு தாளை அடித்துத் திருத்தியே வீணாக்கியது. மற்றதில் எழுதி, என் முழுப் பெயரும் பள்ளிக்கூடத்தில் பார்த்த வேலையும் போட்டு, கையெழுத்துப் போட்டேன். பாண்டியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. செல்வியை வாசிக்கச் சொன்னாள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை, "தாய் கொடுத்த உணவில் எந்தக் குற்றமும் இல்லை" என்ற வரிக்கு வந்ததும் செல்வி அதோடு நிறுத்தித் தாளை அம்மாவிடம் நீட்டினாள். பாண்டியம்மாள் தாளை வாங்கி மடித்து மாடத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

நான் எழுந்தேன். "போயிட்டு வாரேன் பாண்டியம்மா" என்றேன்.

"போங்க டீச்சர்" என்றாள். 'வாங்க' என்று அவள் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே சோற்றுப்பானையைத் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாண்டியம்மாள் மகளின் தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, தன் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தாள். செல்வி பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அங்கிட்டு என்னத்தப் பாக்குற? இந்தா" என்று முதல் உருண்டையை உருட்டி அவள் வாய்க்கு நேராக நீட்டினாள் பாண்டியம்மாள்.

உன் அம்மா